கேபினெட்டைத் திறந்தால்: கணினி வன்பொருள் கேள்வி - பதில்

கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே. ஒரே பழுதைப் பற்றிப் பலர் எழுதியிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மாமா தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட டெஸ்க்டாப் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நன்றாக ஓடுகிறது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புத்தகத்தில் படம் பார்த்து எதுவும் மனதில் நிற்கவில்லை. இதைக் கழற்றியே கற்றுக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– மாணவர், தேனி

பதில்: தாராளமாகக் கழற்றுங்கள். ஓடுகிற கணினி கிடைத்திருப்பது பெரிய வசதி. செத்துப்போன கணினியைக் கழற்றிப் பூட்டினால், சரியாகப் பூட்டினோமா என்பது கடைசிவரை தெரியாது. ஓடுகிற கணினி ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிவிடும். அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் உறுப்பைக் கழற்றினால், அதைத் திரும்பப் பூட்டி இயக்கிப் பார்த்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

நடுத்தர அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, படம் எடுக்க செல்போன், திருகுகளைப் பிரித்துப் போட ஒரு முட்டை அட்டை. இவ்வளவு போதும். முட்டை அட்டை எதற்கு என்றால், கேபினெட்டில் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் திருகுகள் இரண்டு வகை. மரை அகலமாக, சொரசொரப்பாக இருப்பது கேபினெட்டுக்கும் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கும். மரை நெருக்கமாக இருக்கும் எம்3 வகை, டிவிடி டிரைவுக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும். மாற்றி முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் டிரைவ் ஆடிக்கொண்டே இருக்கும்.

சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். பல போர்டுகளில் ஒரு சின்ன எல்இடி மங்கி அணைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

முதல் நாள் ரேமை மட்டும் எடுங்கள். இரு முனைப் பூட்டுகளையும் வெளிப்பக்கம் தள்ளினால் தானாக மேலே எழும்பும். தங்க நிற முனைகளைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். '4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'பிசி3' என்றால் டிடிஆர்3 என்ற ரேம் தலைமுறை. 12800 என்பது ஒரு விநாடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு. ரேமின் பாதை 64 பிட், அதாவது 8 பைட் அகலம் என்பதால் 8ஆல் வகுத்தால் 1600 வரும். கடையில் '1600 ரேம்' என்று கேட்பது இதைத்தான். கடைசியில் வரும் 'யு' டெஸ்க்டாப்பைக் குறிக்கும். லேப்டாப் என்றால் 'எஸ்' இருக்கும். '1ஆர்எக்ஸ்8' என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். 64 பிட்டை நிரப்ப எட்டு சிப் வேண்டும். எண்ணிப் பாருங்கள், பலகையில் சரியாக எட்டு கருப்புச் சதுரங்கள் இருக்கும். 4 ஜிபியை எட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 512 எம்பி. ஒரு லேபிளில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

ரேமின் அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும். டிடிஆர்3க்கு 240 முனை, டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288 முனை. மூன்றிலும் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும், டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் ஓடுபவை என்பதால், தவறிக்கூட மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பள்ளம் பொருந்தாமல் அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

அடுத்தடுத்த நாட்களில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்கள், ஹார்டு டிஸ்க், விசிறி என்று போகலாம். புதியவர்களைக் கலங்கடிப்பது கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள். பெரும்பாலான போர்டுகளில் ஒன்பது பின்கள் இரண்டு வரிசையில் இருக்கும். பத்தாவது பின் இருக்க வேண்டிய இடம் காலி. 1, 3 ஹார்டு டிஸ்க் விளக்கு. 2, 4 பவர் விளக்கு. 5, 7 ரீசெட். 6, 8 பவர் ஸ்விட்ச். ஸ்விட்ச் ஒயரை எப்படித் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். விளக்குக்கு மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. மாற்றிப் போட்டால் எரியாது, கெட்டும் போகாது. கணினியை இயக்க அந்தப் பட்டனே தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 6, 8 பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடத் தொடங்கும். பட்டன் பழுதா, போர்டு பழுதா என்று மெக்கானிக்குகள் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்.

மதர்போர்டை வெளியே எடுக்கும் அன்று, அதற்குக் கீழே நிற்கும் பித்தளைக் கால்களை எண்ணிக்கொள்ளுங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால், அது போர்டின் அடிப்பக்கத்தை ஷார்ட் செய்துவிடும். புராசசரைக் கடைசிக்கு வையுங்கள். இன்டெல் சாக்கெட்டில் பின்கள் போர்டின் மேல் இருக்கின்றன. தலைமுடி போல மெல்லியவை. ஒன்று வளைந்தால்கூடப் பாதி ரேம் காணாமல் போகலாம்.

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடும் என்று நம்ப முடியாது.

கேள்வி: கேபினெட்டின் பின்பக்கம் கை பட்டால் சுள்ளென்று இருக்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. குழந்தைகள் இருக்கும் வீடு, பயமாக இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் சரியாகிவிடுமா?
– இல்லத்தரசி, கரூர்

பதில்: பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் சுவர் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழையும் இடத்தில் பேஸிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்று என இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின் இரைச்சலை எர்த்தில் இறக்கிவிடுவது இவற்றின் வேலை. எர்த் இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட், 230 வோல்ட்டின் பாதியளவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். டெஸ்டர் எரிவது அதனால்தான். இந்தக் கசிவு பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதனால்தான் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளை ஏதாவது ஓர் ஒயரின் உறை கிழிந்து கேபினெட்டைத் தொட்டால், காப்பாற்ற வேண்டிய எர்த் அங்கே இல்லை. உங்கள் பயம் நியாயமானது.

முதலில் எளிதானவற்றைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் இரண்டு கம்பி ஒயராக இருக்கிறதா? மூன்று ஓட்டை இருந்தும் உள்ளே இரண்டே கம்பி ஓடும் பாக்ஸ்கள் நிறைய விற்கின்றன. இரண்டும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மீட்டரை பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்து 230 காட்டுவதோடு அவர் நிறுத்திவிடக் கூடாது. எர்த் கம்பி பெயருக்கு எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தாலும் டிஜிட்டல் மீட்டர் 230 காட்டும். எர்த் மெகர் என்ற கருவியை வைத்து எர்த் குழியின் தடையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்துபோவது சாதாரணம். தண்ணீர் ஊற்றியே பல வீடுகளில் சரியாகியிருக்கிறது.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள். சாக்கெட்டுக்குள் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிட்டால் சுள்ளென்பது உடனே நின்றுவிடும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட் ஏறிவிடும்.

கேள்வி: ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பிரின்ட் கொடுத்தால் சில நேரம் கணினி பொட்டென்று அணைந்து மறுபடி எழுகிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியாகிவிட்டது, ரேமும் மாற்றியாகிவிட்டது. கணினியும் லேசர் பிரின்டரும் 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கின்றன.
– கடைக்காரர், புதுக்கோட்டை

பதில்: கடைசி வாக்கியத்தில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். லேசர் பிரின்டரில் தாளின் மேல் மையை உருக்கி ஒட்டவைக்கும் பியூசர் என்ற சூடேற்றி இருக்கிறது. பிரின்ட் கொடுத்த கணத்தில் அது நூற்றுக்கணக்கான வாட்டை ஒரேயடியாக இழுக்கும். 600 விஏ என்று போட்டிருக்கும் சிறு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் சரிய, யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். அல்லது ஓவர்லோடு என்று கைவிட்டுவிடும். கரன்ட் நின்றால் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்து ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான் தாக்குப்பிடிக்கும். ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. யுபிஎஸ் அதற்குள் கைகொடுக்கவில்லை என்றால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பிரின்டரை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்து, சுவரில் தனி பிளக்கில் போடுங்கள். கணினி இருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் வேண்டாம். இங்க்ஜெட், இங்க் டேங்க் பிரின்டர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை இழுப்பது மிகக் குறைவு.

அதன் பிறகும் அணைந்தால், புதிதாக வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக '450' என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, '+12வி' என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். 14 என்று இருந்தால் 12 × 14 = 168 வாட். இன்றைய கணினியில் புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே சாப்பிடுகின்றன. உங்களிடம் உண்மையில் இருப்பது அந்த 168தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத டிடிபி கணினிக்கு அது போதும். ஸ்லாட்டிலிருந்து மட்டும் 75 வாட் வரை எடுக்கும் கார்டு ஒன்றைச் சேர்த்தால் மூச்சு முட்டும்.

மல்டிமீட்டர் இருந்தால், கணினி ஓடும்போதே காலியாகத் தொங்கும் நான்கு முனை மோலக்ஸ் கனெக்டரில் அளக்கலாம். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மஞ்சளையும் சிவப்பையும் மீட்டர் முனை ஒருசேரத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை ஒயரையும் கறுப்பையும் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பதால், எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டதா என்பது தெரியும், நன்றாக இருக்கிறதா என்பது தெரியாது. சுமை ஏறும்போது சரிவதுதான் அதன் வழக்கமான பழுது.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணனிகள் நான்கில் ஒவ்வொரு தவணை விடுமுறை முடிந்து போடும்போதும் திகதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது. இணையத்தளங்களும் திறப்பதில்லை, பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. வைரஸா?
– ஆசிரியை, வவுனியா

பதில்: வைரஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி தீர்ந்துவிட்டது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணனி பழைய ஆண்டில் இருந்தால் 'இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை' என்று பிரவுசர் மறுத்துவிடும். திகதியைத் திருத்தினால் தளம் உடனே திறக்கும்.

வேண்டியது சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. சிஆர்2025 பார்வைக்கு அதே போல இருந்தாலும் மெல்லியது, தொடுப்புச் சரியாகக் கிடைக்காது. புதியது மீட்டரில் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். விடுமுறை முடிந்து மட்டும் இது நடப்பதற்கும் காரணம் உண்டு. சுவர்ப் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்தை எஸ்எம்பிஎஸ் ஓட்டுகிறது. ஆய்வுகூடத்தின் மெயின் ஸ்விட்சை அணைத்தால்தான் பற்றரி உழைக்கத் தொடங்கும்.

மாற்றுவதற்கு முன் பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரைகளை, முக்கியமாக சாட்டா மோட் (டிஸ்க்கோடு கணனி பேசும் முறை) என்ன என்பதை, படம் எடுத்து வையுங்கள். பற்றரி போனால் சில போர்டுகளில் அந்த மோட் ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறிவிடும். பிறகு விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். பற்றரியின் + குறி மேலே தெரிய வேண்டும். கழற்றிய பழையதை மாணவர்கள் கைக்கு எட்டவிடாதீர்கள். தீர்ந்த பற்றரியை விழுங்கினாலும் மிச்ச மின்சாரம் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கக்கூடியது. அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 1 டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 × 1024 × 1024 பைட்டை ஒரு ஜிபி என்று வைத்து வகுக்கிறது, 931 வருகிறது. 500 ஜிபி என்றால் 465 காட்டும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் கணினி பீப் பீப் என்று கத்துகிறது, திரை வருவதில்லை. மெக்கானிக் ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டால் சரியாகிறது. இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் முனைகளில் படிந்து தொடுப்பைக் கெடுக்கின்றன. ரப்பரால் தேய்ப்பது அந்த நேரத்துக்கு உதவும். ஆனால் தங்க முலாம் மிக மெல்லியது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முலாம் போன இடம் இன்னும் வேகமாகக் களிம்பேறும். அதுபோக ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதிய பழுது. அதற்குப் பதிலாக, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்து, முனைகளை ஒரே திசையில் துடையுங்கள். ஸ்லாட்டை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஆல்கஹால் முழுதும் காய்ந்த பிறகு பூட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு இயக்குங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. இரண்டுமே அந்த ஸ்லாட்டில் தகராறு செய்து வேறு ஸ்லாட்டில் ஓடினால், பழுது ஸ்லாட்டில். புது ரேம் வாங்கும் செலவு பலருக்கு இந்த ஐந்து நிமிடச் சோதனையில் மிச்சமாகியிருக்கிறது. கணினியை வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல் அவ்வப்போது ஓட்டுங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் காயும்.

கேள்வி: வீடியோ எடிட் செய்யும்போது விசிறி அலறுகிறது, புராசசர் 98 டிகிரி காட்டுகிறது, வேலை நத்தை வேகத்தில் நடக்கிறது. புராசசருக்கும் கூலருக்கும் இடையில் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? கணினி எட்டு வருடம் பழையது, இன்டெல்.
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: துவரம்பருப்பு அளவு, நடுவில் ஒரே பொட்டு. கூலர் அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் இடையில் உள்ள நுண்ணிய காற்றுப் பள்ளங்களை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. தடிமனாக அப்பினால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகும். பழையதை ஆல்கஹாலால் பளிச்சென்று துடைத்துவிட்டுத்தான் புதியது. வேகம் குறைவதற்கும் சூடே காரணம். இன்டெல் புராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களிலும் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் திருப்பி மேலே இழுத்தால் கழலும். பூட்டும்போது நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். போர்டின் பின்பக்கம் நான்கு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஒன்று இறங்காமல் இருந்தால் எவ்வளவு நல்ல பேஸ்ட்டும் பயன்படாது. பேஸ்ட்டைத் தொடுவதற்கு முன் கூலர் தகடுகளுக்கு நடுவே கம்பளம் போலப் படிந்திருக்கும் தூசியை எடுங்கள், பல கணினிகளில் அதிலேயே சூடு நன்றாக இறங்கிவிடும். ப்ளோவர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

ஏஎம்4 சாக்கெட் உள்ள ஏஎம்டி கணினியென்றால் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பேஸ்ட் இளகிய நிலையில் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் புராசசரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும்.

கேள்வி: புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு.
– வாசகர், ஓசூர்

பதில்: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கார்டின் பின்பக்கத்தில் செருகுங்கள். இன்டெல் புராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் மதர்போர்டின் வீடியோ முனை எப்போதுமே வேலை செய்யாது. ரைசன் 5000 வரிசைவரை பெயரில் 'ஜி' இருந்தால்தான் வேலை செய்யும். கார்டில் 6 அல்லது 8 முனை பவர் சாக்கெட் இருந்தால் அதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கேபிள் போக வேண்டும்.

கேள்வி: லேப்டாப்புக்கு எம்.2 எஸ்எஸ்டி வாங்கினேன். அழகாகப் பொருந்துகிறது, ஆனால் பயாஸில் தெரியவே இல்லை. கடையில் மாற்றிக் கொடுத்ததும் தெரியவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என்று கணினியோடு பேசும் முறை இரண்டு உண்டு. முன்னது விநாடிக்குச் சுமார் 550 எம்பி, பின்னது பிசிஐஇ 3 தலைமுறையிலேயே 3500 எம்பி வரை. எஸ்எஸ்டியின் முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. உங்கள் லேப்டாப்பின் ஸ்லாட் ஒன்றை மட்டுமே ஏற்பதாக இருக்கலாம், பொருந்தினாலும் பேசாது. மாற்றிக் கொடுத்ததும் அதே வகையாக இருந்திருக்கும். லேப்டாப்பின் முழு மாடல் எண்ணோடு தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்து, ஸ்லாட் எந்த வகை, எந்த நீளம் என்று உறுதி செய்துகொண்டு போங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில லேப்டாப்புகளில் 2242க்குத்தான் இடம் இருக்கும்.

சரியான வகை கிடைத்ததும் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். அதன் பிறகு பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் டிரைவ் எழுத்து வரவில்லை என்றால் எஸ்எஸ்டியில் குறை இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் கொடுத்து, ஜிபிடி தேர்ந்தெடுத்து, புது வால்யூம் உருவாக்குங்கள். புத்தம் புது டிஸ்க்குக்குத்தான் இது. ஏற்கெனவே கோப்புகள் இருந்த டிஸ்க் இனிஷியலைஸ் கேட்டால் எதையும் அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள். முதலில் கேபிளையோ ஸ்லாட்டையோ மாற்றிப் பாருங்கள்.